வீட்டில் செய்த வேப்: சட்டமும் விடாது, பேட்டரியும் விடாது

1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர் கோவை. கிரைண்டர், பம்ப், டெக்ஸ்டைல் மிஷின் என்று இந்த ஊர் செய்ததெல்லாம் தெரிந்த கதை. ‘கடையில் விற்பதை நாமே செய்தால் என்ன?’ என்று கேட்பது இந்த மண்ணின் பழக்கம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் அளவைச் சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் பொருள் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பழக்கம் இப்போது போகக்கூடாத ஒரு திசையிலும் எட்டிப் பார்க்கிறது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல், ஆன்லைனில் வாங்கிய காயில் கம்பி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட இணைப்பு என்று இ-சிகரெட்டை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை சில இளைஞர்களுக்கு வருகிறது. ‘வேப்’ என்பார்கள், ‘மோட்’ என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் பொருள் ஒன்றுதான். ‘பாதுகாப்பாக எப்படிச் செய்வது?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: பாதுகாப்பாகச் செய்ய வழி இல்லை. சட்டத்திலும் இல்லை, பேட்டரியிலும் இல்லை.

பூட்டினாலே உற்பத்தி

இ-சிகரெட்டைத் தமிழக அரசு 2018இலேயே தடை செய்தது. நாடு முழுக்கத் தடை விதிக்கும் அவசரச் சட்டத்தை மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறி முழுச் சட்டமானது.

இந்தச் சட்டத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ‘நிகோட்டின் இல்லாத வெறும் ஃபிளேவர்தான்’ என்ற சமாதானம் செல்லாது. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளே இழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின் கருவி எதுவானாலும், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த வடிவத்தில் இருந்தாலும் அது இ-சிகரெட்தான். இ-ஹூக்காவும் இதில் அடக்கம்.

இரண்டாவது, ‘உற்பத்தி’ என்றால் தொழிற்சாலை நடத்துவது மட்டுமல்ல. பாகங்களைப் பூட்டிச் சேர்ப்பதும் உற்பத்தி, ஒரு பாகத்தை மட்டும் செய்து கொடுப்பதும் உற்பத்தி. மூன்றாவது, காசு வாங்காமல் நண்பனுக்கு ‘சாம்பிள்’ கொடுப்பதுகூட விநியோகம் என்ற வரையறைக்குள் வருகிறது.

தண்டனையும் லேசுப்பட்டதல்ல. உற்பத்தி, இறக்குமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய எதைச் செய்தாலும் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். இவை வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றங்கள். சரக்கைச் சேர்த்து வைக்கத் தெரிந்தே இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைப்பதைச் சட்டம் தனிக் குற்றமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் எந்த அளவில் கையில் வைத்திருந்தாலும் அது சட்டமீறல்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023இல் விளக்கம் கொடுத்துவிட்டது.

லேத் பட்டறை நடத்துபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கல்லூரிப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். “அண்ணா, இந்த அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய் கடைஞ்சு, ரெண்டு பக்கமும் மரை போட்டுக் குடுங்க. டார்ச்சுக்குங்க.” வரைபடத்தைப் பார்த்தால் 18 மில்லிமீட்டர் செல் உள்ளே போகிற அளவு, மேலே வாய் வைக்க ஒரு முனை, பக்கத்தில் காற்றுத் துளை. “டார்ச்சுக்குக் காத்து போற ஓட்டை எதுக்கு கண்ணு?” என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு நிரூபிப்பதைவிட அது எளிது. ரூமை வாடகைக்கு விட்டவரும், ஹாஸ்டல் நடத்துபவரும், தெரிந்தே இடம் கொடுத்தால் இதே வலையில்தான் சிக்குவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தக் கருவிகளில் அதிகம் பயன்படுவது 18650 என்ற லித்தியம்-அயான் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், முழு சார்ஜில் 4.2 வோல்ட். கடையில் விற்கும் கருவியிலாவது கரண்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு சர்க்யூட் போர்டு இருக்கலாம். வீட்டில் செய்யும் ‘மெக்கானிகல்’ வகையில் அது கிடையாது. செல்லுக்கும் காயிலுக்கும் நேரடி இணைப்பு. ஸ்டார்ட்டரும் ஃபியூஸும் இல்லாமல் கிணற்று மோட்டாரை லைனில் மாட்டுவதை எந்த விவசாயியும் செய்ய மாட்டார். இங்கே அதைத்தான் வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் செய்கிறார்கள்.

ஓம் விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காயிலின் மின்தடை 0.15 ஓம் என்றால், 4.2 வோல்ட்டை அதால் வகுக்க வேண்டும். வருவது 28 ஆம்பியர். லேப்டாப்பிலிருந்து உருவிய செல்கள் பெரும்பாலும் 10 ஆம்பியர்கூடத் தாங்காது. காயில் கம்பி ஓர் இடத்தில் குழாயைத் தொட்டுவிட்டால் மின்தடை ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். அப்போது கரண்ட்டுக்கு அணையே கிடையாது. செல்லின் உள்ளே சூடு ஏறும், அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும், எரியும் தன்மையுள்ள திரவம் வாயுவாகும். மரை போட்டு இறுக்கிய உலோகக் குழாய்க்குள் அந்த வாயு வெளியேற இடம் இல்லை. பிறகு நடப்பது வெடிப்பு. வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் நச்சு வாயுவும் கலந்திருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் இ-சிகரெட் வெடித்து, அதன் துண்டுகள் மண்டைக்குள் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவருக்கு வெடித்த துண்டு கழுத்து ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டது. 2015 முதல் 2017 வரை இ-சிகரெட் வெடிப்பாலும் தீக்காயத்தாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 2,035 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

புகைக்கும்போது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். தனிச் செல்லைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பேன்ட் பாக்கெட்டில் போட்டால், உலோகம் இரு முனைகளையும் இணைத்துத் தொடையிலேயே தீப்பிடிக்கலாம். செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் வைப்பது, பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்துவது, கிடைத்த சார்ஜரில் ராத்திரி முழுக்க மாட்டிவிட்டுத் தூங்குவது எல்லாமே தீயை விலைக்கு வாங்கும் வேலை.

பாட்டிலில் இருப்பது பூச்சிக்கொல்லி

கோபி, பவானி வட்டாரத்தில் புகையிலை பயிரிட்ட குடும்பங்களுக்கு நிகோட்டினின் விஷத்தன்மை புதிதல்ல. பனி ஈரத்தோடு பச்சைப் புகையிலையை வெட்டிச் சுமந்தால் தலைசுற்றும், குமட்டும். நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பதுதான் காரணம். பயிருக்குப் புகையிலைக் கஷாயம் அடித்தபோது பூச்சியைக் கொன்றதும் இதே நிகோட்டின்தான். நிகோட்டின் சல்ஃபேட்டைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது.

வீட்டில் கலப்பவர்கள் தேடுவது அடர் நிகோட்டின் திரவம். மில்லிக்கு 100 மில்லிகிராம் அடர்த்தி என்றால், 10 மில்லி பாட்டிலில் ஒரு கிராம் நிகோட்டின் இருக்கிறது. வளர்ந்த ஆளின் உயிரைப் பறிக்கவே அது போதும். மாம்பழ வாசனையோடு அலமாரியில் நிற்கும் அந்த பாட்டில் குழந்தைக்கு ஜூஸாகத்தான் தெரியும். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று இப்படித்தான் இறந்தது.

பேக்கரி எசென்ஸைச் சேர்ப்பதும் எண்ணெயைச் சேர்ப்பதும் வேறு வகை ஆபத்து. வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது. 2019இல் அமெரிக்காவில் வேப் திரவத்தில் வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள் கலந்ததோடு தொடர்புடைய நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். சூடாகும் காயிலிலிருந்து ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள் ஆவியில் கலப்பதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள்.

விபத்து நடந்துவிட்டால்

பேட்டரி தீப்பிடித்தால் கையால் தொடாதீர்கள், அந்தப் புகையையும் இழுக்காதீர்கள். எரியும் துணியை உடனே கழற்றிவிட்டு, காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடமாவது ஓடவிடுங்கள். பற்பசை, மஞ்சள், இங்க், மாவு எதையும் பூச வேண்டாம். 108ஐ அழையுங்கள். ‘லித்தியம் பேட்டரி வெடித்தது’ என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சூட்டுக் காயத்தோடு ரசாயனக் காயமும் சேர்ந்திருக்கலாம் என்பதால் சிகிச்சையே மாறும்.

நிகோட்டின் தோலில் கொட்டினால் துணியை மாற்றிவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் எச்சில் ஊறுவது, வியர்ப்பது, படபடப்பு, வலிப்பு எல்லாம் விஷத்தின் அறிகுறி. தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

உங்களுக்குள்ள உரிமைகள்

போலீசுக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். அவசர நிலையில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏழாண்டுக்கும் குறைவான தண்டனையுள்ள குற்றம் என்பதால், கைது தேவைப்படாத நிலையில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். சட்ட உதவி எண் 15100.

இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ பாகம் வாங்கப் பணம் கட்டி ஏமாந்தவர்கள், வெளியே சொல்ல முடியாமல் இருப்பதுதான் மோசடிக்காரர்களின் பலம். சட்ட ஆலோசனை பெற்றுக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் செய்யலாம். டார்ச், பவர்பேங்க் போன்ற சட்டப்படியான பொருளுக்காக வாங்கிய செல்லோ சார்ஜரோ வெடித்திருந்தால் கதை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளருக்கும் விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. பில்லோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், அல்லது 1915ஐ அழையுங்கள். செல் வாங்கும்போதே ஐஎஸ் 16046 என்ற தர எண்ணையும் பிஐஎஸ் பதிவு எண்ணையும் பாருங்கள். வேப்பில் மாட்டி வெடித்த செல்லுக்கு நஷ்டஈடு கேட்டால், அந்த மனுவே உங்களுக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும்.

இப்போது கையில் இருந்தால்

மேற்கொண்டு சார்ஜ் போடாதீர்கள். செல் எளிதாக வெளியே வந்தால் எடுத்து, இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலோகம் படாமல் தனியே வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். அங்கே தீ ஏற்கெனவே தீராத தலைவலி. கருவியையும் திரவத்தையும் ஒப்படைப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் முதலில் 15100இல் கேட்டுக்கொள்ளுங்கள். வேறொருவருக்கு விற்றோ கொடுத்தோ கைகழுவ நினைக்க வேண்டாம், அதுவும் குற்றம்.

சிகரெட்டை விடத்தான் இதைத் தொட்டேன் என்பவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356 இலவசம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசலாம். 011-22901701 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஆலோசனை குறுஞ்செய்தியாக வரும். 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் சட்டப்படி கிடைக்கிறது. அதன் அளவு தெரியும், தரமும் தெரியும், பாக்கெட்டில் வெடிக்கவும் செய்யாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பென்டிரைவ் மாதிரி, பேனா மாதிரி ஏதோ ஒன்று பையில் கிடைத்தால் எடுத்த எடுப்பில் அடிக்கவோ கத்தவோ வேண்டாம். “இதென்ன கண்ணு, எங்கிருந்து வந்துச்சு?” என்று உட்காரவைத்துக் கேளுங்கள். பையன் பொய் சொன்னாலும், அடுத்த முறை காயம் பட்டால் உங்களிடம்தான் ஓடி வர வேண்டும். அந்த வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த கை இந்த ஊரில் சும்மா இருக்க வேண்டியதில்லை. மோட்டார் கன்ட்ரோலர், சோலார் பம்ப், எலக்ட்ரிக் வண்டிகளின் பேட்டரி என்று அந்தக் கைக்கு வேலை காத்திருக்கிறது. ஒரு குற்ற வழக்கு பதிவானால் பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் சிக்கலாகும். செல் வெடித்தால் விரல்களே மிஞ்சாமல் போகலாம். செய்து பார்க்க ஆயிரம் பொருள் இருக்கிறது. இதை விட்டுவிடுங்கள்.