குதிரைக்குட்டியின் குலவரிசை

மாடு கொள்வோரும் குதிரை கொள்வோரும் சுழி பார்த்தல் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். மேலை நாட்டார், குதிரைக்குட்டி ஒன்றை எத்தொழிலிற் பழக்குவது என்று துணிதற்குச் சுழியை நோக்குவதில்லை. அதன் குலவரிசையை நோக்குகின்றனர். இது வீண்பெருமை பற்றி எழுந்த வழக்கமன்று. பந்தயக் குதிரையை இரண்டு வயதிலேயே ஓடவிடுவர். தடை தாண்டுதற்கும், ஏறியவன் குறிப்பறிந்து அளவாக நடந்து காட்டும் ஒழுங்குநடைக்கும் உரிய குதிரையையோ மூன்று, நான்கு வயதிலேதான் ஏறிப் பழக்கத் தொடங்குவர். எலும்புகள் முழுதும் முற்றுதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆதலின் ஒவ்வாத தொழிலில் இளமையிலேயே வருத்தப்பட்ட குட்டி, கால் கெட்டு, எத்தொழிற்கும் உதவாது போதலும் உண்டு.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வெதர்பி என்பார் 1791ஆம் ஆண்டிற் பந்தயக் குதிரைகளின் குலப்பதிவேட்டை முதன்முதல் வெளியிட்டார். தரோபிரெட் எனப்படும் அவ்வினக் குதிரைகள் யாவும் தந்தைவழியில் மூன்றே பொலிகுதிரைகளின் வழிவந்தவை. அவற்றுள் ஒன்றாகிய டார்லி அரேபியன், 1704இல் சிரியா நாட்டு அலெப்போ நகரிலிருந்து கொணரப்பட்டது.

குலவரிசையைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நான்கு தலைமுறைகளை எழுதினால் முப்பது முன்னோரைக் காணலாம். மரபுக்கூறுகளிற் பாதி தந்தையினுடையது; பாதி தாயினுடையது. பாட்டன் பாட்டியருள் ஒவ்வொன்றின் பங்கும் ஏறக்குறைய நாலில் ஒன்று. நான்காம் தலைமுறையில் அது பதினாறில் ஒன்றாகிவிடும். ஏட்டின் மூலையிற் புகழ்பெற்ற பெயரொன்றைக் கண்டு, மகிழ்ந்து பெருவிலை கொடுப்பார் பலர். அம்மகிழ்ச்சியும் பதினாறில் ஒரு பங்கே இருத்தல் தகும்.

ஜெர்மனி நாட்டில் ஹோல்ஸ்டைன் பகுதியிற் பொலிகுதிரையாக விளங்கிய கோர் டி லா பிரியேரின் வழியில் தடைதாண்டுங் குதிரைகள் பல தோன்றின. ஓல்டன்பர்க்கு இனத்து டோனர்ஹாலின் வழியிலோ ஒழுங்குநடையில் வல்லவை மிகுந்தன. எனினும், ஒரு பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கான குட்டிகள் பிறத்தலின், அவற்றுட் சில வெல்வதில் வியப்பில்லை. எத்தனையுள் எத்தனை வென்றன என்பதே வினவத்தக்கது. தாயோ பதினொரு திங்கள் சுமந்து ஆண்டிற்கு ஒரு குட்டியே ஈனும். அதன் முன்னைக் குட்டிகள் எத்தொழிலிற் சிறந்தன என்று ஒவ்வொன்றாக ஆராய்தல் எளிது. தாய்வழியைப் புறக்கணிப்பவர் ஏமாறுவர். அமெரிக்க நாட்டுச் செக்ரிடேரியட் என்னும் குதிரை 1973இல் பெல்மாண்டுப் பந்தயத்தை 31 குதிரை நீளம் முந்தி வென்றது. அதன் ஆண் குட்டிகளுள் எதுவும் தந்தைக்கு நிகராகவில்லை. ஆயினும் அதன் மகள் ஈன்ற ஏ. பி. இண்டி, 1992இல் அதே பந்தயத்தை வென்றது.

இத்துணையும் அறிந்த பின்னரும், எதனை முதலிற் பழக்கிப் பார்க்கலாம் என்பதை மட்டுமே குலவரிசை கூறும். ஒரு தாய் தந்தைக்குப் பிறந்த குட்டிகளும் ஒருதன்மையன அல்ல. ஆதலின் பழக்குவோர், குட்டியை ஏறுவாரின்றி ஓடவிட்டும், சிறு தடைகளைத் தாண்டவிட்டும், அதன் இயல்பை நேரிற் காண்பர்.

குலவரிசையே இல்லாத குதிரையும் உண்டு. 1956இல் பென்சில்வேனியா மாநிலத்துச் சந்தையொன்றில், ஏர் உழுது தளர்ந்த வெண்ணிறக் குதிரையொன்று, இறைச்சிக்காகக் கொல்லப்படுதற்கு வண்டியில் ஏற்றப்பட்டிருந்தது. ஹாரி டிலேயர் என்னும் பயிற்சியாளர் 80 டாலர் கொடுத்து அதனை மீட்டார். ஸ்னோமேன் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். பின்னர் அவர் அதனை அண்டையிலிருந்த ஒருவருக்கு விற்க, அது உயர்ந்த வேலிகளைத் தாண்டித் தாண்டி அவர் இலாயத்திற்கே திரும்பியது. வேலியை உயர்த்தியும் பயனில்லை. அப்பொழுதுதான் அதன் தொழில் இன்னதென அவர் உணர்ந்தார். திரும்ப வாங்கித் தடைதாண்டலிற் பழக்கினார். 1958இல் நியூயார்க்கு நகரின் மாடிசன் சதுக்க அரங்கில், குலவரிசையிற் சிறந்த குதிரைகளை வென்று, அது தலைமைப் பட்டம் பெற்றது. அதன் தந்தை யாது, தாய் யாது என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.