ஃபைன் கட்டிய கஞ்சா வழக்கு, போலீஸ் வேலையை மறிக்குமா?

காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களைக் கொட்டாம்பட்டி, மேலூர் பக்கம் விடிகாலையில் பார்க்கலாம். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு, மெடிக்கல் எல்லாம் தாண்டிய பிறகு கடைசியாக வருவது முன்நடத்தை விசாரணை. கல்லூரிக் காலத்தில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு, ஃபைன் கட்டியதோடு கதை முடிந்தது என்று இருந்தவர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதே மாதிரி விசாரணையில், அமெரிக்காவில் அரசு ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் போகிறவரிடம், கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் எடுத்ததுண்டா என்று படிவமே நேராகக் கேட்கும். ‘ஆமாம்’ என்றாலும் உடனே தள்ளிவிடுவதில்லை. எப்போது, எத்தனை தடவை, இப்போது விட்டாயிற்றா என்று பார்ப்பார்கள். நம் படிவங்களுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. கைதானதுண்டா, வழக்கு உண்டா, கோர்ட்டில் அபராதமோ தண்டனையோ உண்டா, ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றுதான் கேட்கும். தினமும் புகைத்தும் பிடிபடாதவர் தப்பித்துவிடுவார். ஒரே நாள் இழுத்து அகப்பட்டவர் கதை வேறு. நியாயமா என்றால், இல்லைதான்.

படிவம் உள்ளூர் ஸ்டேஷனுக்கு வரும். போலீஸ்காரர் ஊருக்குள் வந்து விசாரிப்பார். திருப்பூரில் வேலை பார்த்தபோது விழுந்த வழக்கு இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்பது பழைய தெம்பு. காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வந்த பிறகு, எங்கே போட்ட எஃப்.ஐ.ஆரையும் தேடி எடுத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்ததற்கு 27-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிரும், ஒரே வாய்தாதான்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். இதைவிட விலை கூடிய யோசனை கிடையாது. ஒத்துக்கொண்டு கட்டும் அபராதமும் தண்டனைதான். ஒத்துக்கொண்ட பிறகு, தண்டனையின் அளவு, அது சட்டப்படி செல்லுமா என்பவற்றைத் தவிர மற்றதற்குப் பொதுவாக அப்பீல் கிடையாது.

தமிழ்நாடு காவல் துறை விதி இன்னும் கறார். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-இல் இதை ஏற்றது. விசாரணை நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தத் தேர்வு போயிற்று. பிறகு குற்றமற்றவர் என்றே விடுதலையானாலும் அடுத்த தேர்வில்தான் உரிமை கோர முடியும்.

வழக்கைப் படிவத்தில் மறைத்தால் இன்னொரு பழியும் சேரும். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2016-இல் வழிமுறை வகுத்தார்கள்: சின்ன வயதுச் சில்லறைக் குற்றமாக இருந்தால், மறைத்ததைக்கூட நிர்வாகம் மன்னிக்கலாம், உண்மையைச் சொன்னவரையும் பின்னணியை எடைபோட்டு நிராகரிக்கலாம். உத்தரப் பிரதேசக் காவலர் ரவீந்திர குமார், விடுதலையான வழக்கைப் படிவத்தில் எழுதாமல் விட்டு வேலை இழந்தவர். உச்ச நீதிமன்றம் 2024-இல் அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தது. அதை நம்பி மறைக்கக் கூடாது. அவர் அந்தத் தீர்ப்புக்காகப் பல வருடம் கோர்ட்டுப் படி ஏறினார்.

பிடிபட்டபோது 18 வயது நிரம்பவில்லையா? சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கைகொடுக்கும். சிறார் வாரியத்தில் முடிந்த இத்தகைய வழக்கு பிற்கால வேலைக்குத் தகுதிக்குறைவு ஆகாது.

பெற்றோர் பலருக்கு வேறொரு பயம்: சிகிச்சைக்குக் கூட்டிப்போனால் பெயர் பதிவாகி வேலை கெட்டுவிடுமோ என்று. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தையும் உள்ளடக்கியது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது ஆஸ்பத்திரியின் கடமை. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சீட்டுப் போடுவதும் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். விழுவதும் ஒன்றல்ல.

வழக்கே விழுந்துவிட்டாலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், புகைத்த வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கி, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன்பே இதை வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும்.