முள் காலமும் ஸ்டிக்கர் காலமும்

தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு செய்முறை நினைவிருக்கும். மரப்பலகையில் பத்து வரிசையாக இழுத்துக் கட்டிய கம்பி, ஒரு ஜாக்கி, ஒரு கால்வனாமீட்டர், செப்புப் பாத்திரத்தில் மயில்துத்தக் கரைசல் ஊற்றி நடுவில் நுண்துளைக் குடுவை வைத்த டேனியல் செல். செல்லின் மின்னழுத்தம் 1.08 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு, கம்பியின் நீளத்தை அளந்து, பக்கத்தில் இருக்கும் வோல்ட்மீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில், மீட்டர் காட்டும் அளவு ஒரு பக்கம், அதற்குரிய திருத்தம் மறு பக்கம் என்று ஒரு வரைபடம். முந்தைய ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து அந்தக் கோட்டை வரைந்தவர்கள் நிறையப் பேர். அது வேறு கதை. அந்தச் செய்முறைக்குள் ஒரு காலத்தின் மனநிலை இருந்தது. மீட்டர் கொஞ்சம் தப்பாகத்தான் காட்டும், எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும், வேலை நடக்கும்.

அன்றைய மீட்டரே அந்தச் சந்தேகத்தைக் கற்றுக் கொடுத்தது. நல்ல மீட்டர் என்றால் முள்ளுக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி ஒற்றைக் கண்ணால் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும். முகப்பின் ஓரத்தில் 0.5, 1.0, 1.5 என்று ஏதாவது ஒரு எண் அச்சிட்டிருக்கும். முழு அளவில் இத்தனை சதவீதம் பிழை வரலாம் என்பது அதன் பொருள். 300 வோல்ட் வரை காட்டும் 1.0 வகை மீட்டரில் எந்த இடத்திலும் 3 வோல்ட் முன்னே பின்னே இருக்கலாம். 240 வோல்ட்டை அளக்கும்போது அது பெரிதில்லை. அதே மீட்டரில் 30 வோல்ட்டை அளந்தால் பத்தில் ஒரு பங்கு பிழையிலேயே போய்விடும். பழைய ஆட்கள் முள் வலது பக்கமாக ஏறி நிற்கிற மாதிரி ரேஞ்சைத் திருப்பிவிட்டு அளந்தது இதனால்தான்.

பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி உருவாக்கி 1923-இல் விற்பனைக்கு வந்த அவோமீட்டர் இந்த வகைக் கருவிகளின் தலைமகன். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்தது. ஓம் அளக்கும் முன் இரண்டு ஒயர்களையும் ஒன்றாகத் தொட்டு, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும். இன்சுலேஷன் அளக்கும் மெக்கரும் அப்படியே. கைப்பிடியைச் சுற்றி, ஒயர்களைப் பிரித்து வைத்தால் முள் முடிவிலிக்குப் போகிறதா, சேர்த்தால் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரில் கை வைப்பார்கள். நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தை எட்டியதும் உள்ளே கிளட்ச் வழுக்கி, வோல்ட் ஏறாமல் காக்கும். அந்த வழுக்கலைக் கை உணரும். கருவி சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்குத் தினமும் காலையில் ஒரு பதில் கிடைத்துக்கொண்டிருந்தது.

கல்லூரி மேசையில் டேனியல் செல் என்றால், நாடுகளின் வோல்ட்டைத் தாங்கி நின்றதும் ஒரு செல்தான். எட்வர்ட் வெஸ்டன் 1893-இல் கொண்டுவந்த காட்மியம் செல். ஆங்கில எச் எழுத்தின் வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் பாதரசம், காட்மியம். 20 டிகிரியில் 1.0186 வோல்ட். ஒரு டிகிரி சூடு ஏறினால் 40 மைக்ரோவோல்ட் அளவுக்கு இறங்கும். அதனால் எண்ணெய்த் தொட்டியில் மூழ்க வைத்து, வெப்பநிலையை அசையாமல் காத்தார்கள். அதிலிருந்து மின்னோட்டம் எடுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது. ஒரு செல்லை நம்ப முடியாது என்று பல செல்களை வைத்து, அவற்றின் சராசரியை நாட்டின் வோல்ட் என்று கொண்டார்கள். அந்தச் செல்களை வெப்பம் காக்கும் பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைப் போல மடியில் தாங்கி, பாரிஸுக்கு அருகே செவ்ரிலுள்ள பன்னாட்டு அளவைகள் பணியகத்துக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டுத் திரும்பினார்கள்.

இந்தியாவில் இந்த அளவுகளைப் பேணும் பொறுப்பு டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு உரியது. 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1950 ஜனவரியில் படேல் திறந்துவைத்தார். முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புக்காரர், ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். இந்த நாட்டின் வோல்ட்டுக்கும் ஓமுக்கும் முதலில் வீடு அமைத்தவர்களில் ஒருவர் தமிழர் என்பதை நம் ஊரில் அதிகம் பேர் சொல்லிக்கொள்வதில்லை.

செல்லின் காலமும் முடிந்தது. பிரையன் ஜோசப்சன் 1962-இல் கணித்துச் சொன்ன விளைவுதான் அதற்கு வழி திறந்தது. மீக்கடத்திகள் இரண்டுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்து, அதன் மேல் நுண்ணலையைச் செலுத்தினால், கிடைக்கும் வோல்ட் அலையின் அதிர்வெண்ணை மட்டுமே சார்ந்திருக்கும். செய்த ஆள், செய்த பொருள், செய்த ஊர் எதுவும் அதை மாற்றாது. 75 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சந்தியில் கிடைப்பது 155 மைக்ரோவோல்ட்தான். அதனால் ஒரே சில்லில் பல்லாயிரம் சந்திகளை வரிசையாக வைத்து, திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைத்து, 10 வோல்ட் எடுக்கிறார்கள். உலகம் முழுவதும் ஒரே மாறிலியை ஏற்றுக்கொண்ட 1990 ஜனவரி 1 அன்று, அதுவரை அமெரிக்கா கட்டிக்காத்த வோல்ட் பத்து லட்சத்தில் 9 பங்குக்குச் சற்று மேல் விலகியிருந்தது தெரிந்து, மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாடும் தன் பாட்டுக்கு ஒரு வோல்ட் வைத்திருந்த கதை அதோடு ஓய்ந்தது. 2019 மே 20-இல் எலெக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் பிளாங்க் மாறிலிக்கும் எண்களை நிலையாக நிறுத்திய பிறகு, பாட்டிலுக்குள் அடைத்த பொருள் எதையும் வோல்ட் நம்பியிருக்கவில்லை.

உச்சியில் வந்த இந்த உறுதி கீழேயும் இறங்கியது. முன்பு ஒரு மீட்டரைப் பல ரேஞ்சுகளில் சரிபார்க்கப் பொட்டென்ஷியோமீட்டர், நிலைச் செல், தடைப்பெட்டி, ஷண்ட், பொறுமைசாலியான ஓர் ஆள் எல்லாம் வேண்டியிருந்தது. இன்று ஒரு மேசைக் காலிபரேட்டர் போதும். 1980-களின் இறுதியில் வந்த ஃப்ளூக் 5700ஏ இதில் பெரிய தாவல்: 10 வோல்ட், 1 ஓம், 10 கிலோ ஓம் ஆகிய மூன்று ஆதாரங்களை வெளியிலிருந்து காட்டினால், மற்ற ரேஞ்சுகளை எல்லாம் அது தனக்குள்ளேயே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். ஆய்வுக்கூடங்களின் திறனைச் சோதிக்கும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் வந்தது. அந்த அங்கீகாரம் பெற்ற கூடத்தின் சான்றிதழைக் கோவையில் மோட்டார் செய்பவர் வெளிநாட்டு வாங்குநரிடம் நீட்டினால், அங்கேயும் ஏற்கிறார்கள். இது சாதாரண முன்னேற்றமில்லை. முள் காலத்துக்காக ஏங்குகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை; அந்தக் காலத்து மீட்டர் இன்றைய சுமாரான மீட்டரிடம்கூடத் தோற்கும்.

ஆனாலும் உச்சியிலிருந்து இறங்கும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அதாவது பேனலுக்கு முன் நிற்கும் நம் கை, பழையபடி இல்லை. டிஜிட்டல் மீட்டர் 230.4 என்று காட்டினால் அந்த 4-ஐயும் எழுதிக்கொள்கிறோம். கையேட்டில் 0.5 சதவீதமும் அதோடு 2 இலக்கமும் என்று போட்டிருந்தால், இந்த அளவில் 1.35 வோல்ட் இரு பக்கமும் விலகலாம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஏறக்குறைய அலங்காரம். முள் நடுங்கினால் சந்தேகப்பட்ட மனம், எண் அசையாமல் நின்றால் நம்பிவிடுகிறது. பாட்டரி தளர்ந்தால் அளவு பொய்யாகும் என்று தயாரிப்பாளரே எச்சரித்திருந்தும், பாட்டரிப் படம் மின்னிக்கொண்டிருக்கும் மீட்டரோடு வேலை பார்ப்பவர்களை எந்தக் கட்டடத்திலும் பார்க்கலாம்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பல நல்ல மீட்டர்களின் துல்லியக் கணக்கு 18 முதல் 28 டிகிரி வரைதான் செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பிழை வரம்பில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். குளிரூட்டிய கூடத்தில் தேறிய மீட்டரைக் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் 38 டிகிரியில் வைத்தால், பிழை வரம்பு இரண்டு மடங்கு. சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. அது வேறு ஒரு அறையைப் பற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. விலை குறைந்த மீட்டர்கள் மாறுமின்னோட்டத்தின் சராசரியை அளந்து, அலை சுத்தமான சைன் அலை என்று வைத்துக்கொண்டு, உண்மையில் சூடேற்றும் அளவான ஆர்எம்எஸ் மதிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. விளக்கும் விசிறியும் நேரடி மோட்டாரும் மட்டும் இருந்த நாளில் அது பொருந்தியது. இன்று எல்இடி, கம்ப்யூட்டர், வேகம் மாற்றும் டிரைவ் எல்லாம் மின்னோட்டத்தைக் கூர்கூராக இழுக்கின்றன. அங்கே இந்த மீட்டர் 40 சதவீதம் வரைகூடக் குறைத்துக் காட்டும். கேபிள் சுடும், பிரேக்கர் விழும், மீட்டரோ எல்லாம் நலம் என்று சொல்லும். இதே மீட்டரைக் காலிபரேஷனுக்கு அனுப்பினால் சுத்தமான சைன் அலையில் சோதித்து, தேர்ச்சி என்று திருப்பி அனுப்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய பேனல்களில் இருந்த இரும்பு முள் அம்மீட்டர் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கே அசைவது. அதற்கு உரிய அதிர்வெண்ணுக்குள் உண்மையான ஆர்எம்எஸ்ஸையே காட்டும். நாம் அதைக் கழற்றி வீசிவிட்டு இதை வாங்கினோம். ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்று முகப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் இனி மீட்டர் வாங்காதீர்கள்.

இனி ஸ்டிக்கருக்கு வருவோம். காலிபரேஷன் தேதி, அடுத்த தேதி, ஒரு கையெழுத்து. ஆடிட்டர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். பெரும்பாலும் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். அடுத்த தேதியை ஆய்வுக்கூடம் நிர்ணயிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 17025 விதியோ, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய சான்றிதழில் கால இடைவெளியைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. கருவி எத்தனை முறை கீழே விழுந்தது, எந்தச் சூட்டில் கிடக்கிறது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எவ்வளவு நகர்ந்தது என்பதெல்லாம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அவரே முடிவு செய்ய வேண்டும். ஒரு வருஷம் என்று எல்லோரும் போடுவது பழக்கத்தால்தான்.

அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் இரண்டு மூன்று பக்கச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அதில் கொடுத்த அளவு, மீட்டர் காட்டிய அளவு, வித்தியாசம், அந்த வித்தியாசத்தையே எவ்வளவு நம்பலாம் என்னும் ஐயப்பாட்டு எல்லை எல்லாம் வரிசையாக இருக்கும். பி.எஸ்ஸி. ரெக்கார்டின் வரைபடம்தான், பல மடங்கு கறாராக. அதைக் கோப்பில் செருகிவிட்டு, மீட்டர் ‘பாஸ்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொரு வழக்கம் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மீட்டரை அனுப்பும்போதே ‘சரி பண்ணிக் கொடுத்திடுங்க’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். கூடமும் உள்ளே திருத்திவிட்டு, திருத்திய பிறகு எடுத்த அளவுகளை மட்டும் சான்றிதழில் போட்டு அனுப்பிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த மீட்டர் போன மாதம் எர்த் சரியாக இருக்கிறது என்று சொன்னதே, மோட்டார் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே, அதெல்லாம் உண்மையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வந்த நிலையில் அது எவ்வளவு பிழையோடு இருந்தது என்ற ஒரே சாட்சியும் அந்தத் திருத்தத்தோடு அழிந்துபோகிறது.

ஆகவே தொழிற்சாலையில், ஆஸ்பத்திரியில், ஒப்பந்த வேலையில் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அனுப்பும்போது, திருத்தும் முன் எடுத்த அளவுகளையும் தரச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். பெரும்பாலான கூடங்கள் மறுக்காமல் தரும், கேட்பவர்தான் இல்லை. கையில் வந்ததும் ஸ்டிக்கரை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். பிழை வரம்பு தாண்டியிருந்தால், அந்த மீட்டரால் கடைசியாக எதையெல்லாம் நல்லது என்று முடிவு செய்தீர்களோ, அவற்றை மறுபடி அளந்து பாருங்கள்.