பாராவுக்கு ஆள் எங்கே?

1995 ஆகஸ்ட் 15. ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் வேலூர்க் கோட்டையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப்புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிவிட்டார்கள். அது சிறைச்சாலை அல்ல, சிறப்பு முகாம்தான். ஆனாலும் சிறைக்காவல் என்று பேச்சு வந்தால் எனக்கு முதலில் அந்தச் சுரங்கம்தான் நினைவுக்கு வரும்.

சுரங்கம் ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை. தோண்டிய மண்ணை எங்காவது கொட்டியாக வேண்டும். உள்ளங்கையில் காய்ப்பு ஏறும். துணியில் மண் ஒட்டும். பகலில் அசந்து தூங்குவார்கள். கருங்கல் மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை அது, கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. அன்றாடம் உள்ளே போய், முகம் பார்த்து, “என்னப்பா, கையில என்ன காயம்?” என்று கேட்கிற ஒரு கண்தான் வேண்டியிருந்தது.

இப்போது சிறைகளுக்குப் பணம் வருகிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறை நவீனமயத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 950 கோடி ரூபாய். சிறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை, ஆகவே இது மாநிலங்களுக்கு மானியமாகத் தரப்படுகிறது. வாசலில் நிற்கும் மெட்டல் டிடெக்டர், பைகளைச் சோதிக்கும் ஸ்கேனர், சிசிடிவி, வார்டர் சட்டையில் மாட்டும் கேமரா, ஜாமர் என்று கருவிகளின் பட்டியல் நீளம். தொகை கேட்க மலைப்பாக இருக்கும். நாட்டில் சிறைகள் 1,300க்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு சிறைக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 14 லட்சம்தான்.

தொகை போதாது என்பது என் கவலை அல்ல. இந்தப் பணத்தில் கருவி வாங்கலாம், ஆள் சேர்க்க முடியாது. வார்டரின் சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. கருவிக்கு மானியம் உண்டு, அதை இயக்கும் கைக்கு இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

ஜாமரையே எடுத்துக்கொள்வோம். சிறைக்குள் செல்போன் என்பது இன்று நாடு முழுக்க உள்ள தலைவலி. உள்ளே இருந்தபடியே மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள், சாட்சியைக் கலைக்கிறார்கள். அதைத் தடுக்க ஜாமர் வைத்தார்கள். 2ஜி காலத்தில் வைத்த ஜாமர் 4ஜி வந்ததும் வெறும் பெட்டியாக நின்றது. அலைவரிசை மாறும்போதெல்லாம் கருவியையும் மாற்ற வேண்டும். வீரியத்தைக் கூட்டினால் மதிலுக்கு வெளியே குடியிருப்பவரின் போனும் செத்துப்போகும். வார்டர் குடியிருப்புக்கும் அதே கதிதான். இப்போது, சிறைக்குள்ளேயே ஒரு கோபுரம் நிறுத்தி, உள்ளேயுள்ள போன்களையெல்லாம் அதன் பிடிக்குள் இழுத்து அழைப்பைத் தடுக்கும் முறை வந்திருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் அதற்குச் செல்போன் நிறுவனங்களின் ஒத்துழைப்பு இடைவிடாமல் வேண்டும்.

அணைத்துப் புதைத்து வைத்த போனைக்கூடக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. அதைக் கையில் பிடித்து, செல் செல்லாக, கழிப்பறை, தலையணை, தோட்டத்து மண் என்று நடக்க வேண்டியவர் வார்டர். பந்துக்குள் கஞ்சாவை அடைத்து மதிலுக்கு மேலே வீசுகிறார்கள். எந்த மூலையில் விழும், யார் போய் எடுப்பான் என்பது அந்த பிளாக்கில் பத்து வருடம் பாரா பார்த்தவருக்குத் தெரியும். சிசிடிவி அதைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். திரையை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே!

2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, ஆறு கைதிக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது. காவல் இருபத்து நாலு மணி நேரமும் நடப்பது. மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் பதினெட்டுப் பேருக்கு ஒருவர். வார விடுப்பு, மருத்துவ விடுப்பு போனால் அதுவும் தேயும். இது எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தால் வரும் கணக்கு. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைப் பணியிடங்களில் பத்தில் மூன்று பங்கு காலி. அதே ஆண்டு, 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைபட்டிருந்தார்கள். நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டில் இந்த இடநெருக்கடி இல்லை என்பது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆள் குறைந்தால் முதலில் நின்றுபோவது பேச்சு. பூட்டு, எண்ணு, திற. அதற்கே நேரம் சரியாகிவிடும். கைதிக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை, ஜாமீன் தள்ளிப்போய்விட்டது, பக்கத்து பிளாக்கில் ஒரு கோஷ்டி முறைக்கிறது என்பதெல்லாம் எந்த ஸ்கேனரிலும் விழாது. 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரத்தை மறந்துவிட முடியுமா? கைதி ஒருவர் இறந்த செய்தி உள்ளே பரவியது. மளமளவென்று கலவரம் மூண்டது. துணை ஜெயிலர் ஒருவரை எரித்தே கொன்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் 9 பேர் செத்தார்கள். உள்ளே புகைந்துகொண்டிருப்பதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க, கைதிகளோடு பேசிப் பழகிய ஆட்கள் வேண்டும்.

கருவி லஞ்சம் வாங்காது, ஆள்தான் போனை உள்ளே விடுகிறார் என்று வாதிடுவோர் உண்டு. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனரை ஐந்து நிமிடம் அணைத்து வைப்பதும் அதே ஆளால் முடிகிற காரியம்தானே.

வார்டரின் வாழ்க்கையை நாம் யோசிப்பதே இல்லை. சாயங்காலம் லாக்கப் ஆனபின் நீண்ட வராந்தாவில் தன்னந்தனியாக நடப்பவர் அவர். கையில் லத்தி, இடுப்பில் விசில். இரு பக்கமும் கம்பிக்குப் பின்னால் அத்தனை பேர். பண்டிகைக்கு லீவு கேட்டால், மாற்ற ஆள் இல்லை என்பார்கள். கைதிக்காவது விடுதலைத் தேதி என்று ஒன்று உண்டு.

கைதியைப் பார்க்க மனு போட்டுவிட்டு மதிலோரம் காத்திருக்கும் பெண்களுக்கும் இதில் நஷ்டம் இருக்கிறது. சோதனை போடப் பெண் வார்டர் போதாவிட்டால் வரிசை நகராது. கைக்குழந்தையோடு வெயிலில் நின்று, உள்ளே போய்ப் பார்ப்பது சில நிமிடம்.

950 கோடித் திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும்தான். அடுத்த மானியம் எழுதப்படும்போது ஒரே ஒரு நிபந்தனை சேருங்கள்: காலி வார்டர் பணியிடங்களை நிரப்பிய மாநிலத்துக்குத்தான் கருவிக்கான பணம். நிரப்ப முடியாத மாநிலத்துக்கு, முதல் மூன்று வருடச் சம்பளத்தில் பாதியை மானியத்திலிருந்தே கொடுங்கள். கேமராவை அதற்குப் பிறகு வாங்கலாம்.