நியூயார்க் கோபுரமும் பதினேழு ஆண்டு மௌனமும்

அன்றாடம் மின்தூக்கியில் ஏறி முப்பதாவது மாடிக்கோ நாற்பதாவது மாடிக்கோ வேலைக்குச் செல்பவர்கள், அந்தக் கட்டடம் எதன்மீது நிற்கிறது என்று யோசிப்பதில்லை. வரைந்தவர், கணக்குப் போட்டவர், அனுமதி கொடுத்தவர் ஆகியோர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையே அவர்களை மேலே கொண்டு செல்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஏற்பட்ட பெரும் சோதனைதான் நியூயார்க் நகரின் சிட்டிகார்ப் கோபுரத்தின் வரலாறு.

தேவாலயம் விதித்த நிபந்தனை

மான்ஹாட்டன் பகுதியில் லெக்சிங்டன் சாலையோரம் அலுவலகக் கோபுரம் ஒன்றைக் கட்ட சிட்டிகார்ப் வங்கி விரும்பியது. அந்த மனையின் ஒரு மூலையில் 1905ஆம் ஆண்டு முதல் ஒரு லூத்தரன் தேவாலயம் இருந்து வந்தது. இடத்தை விற்கச் சபையினர் இணங்கினார்கள். ஆனால் அதே மூலையில் புதிய தேவாலயம் தனித்து நிற்க வேண்டும், கோபுரத்தின் தூண் எதுவும் அதனுள் இறங்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள்.

இதற்காகப் பொறியாளர் வில்லியம் லெமெஷர் ஒரு புதுமையைச் செய்தார். நாற்காலியின் கால்களை மூலைகளிலிருந்து கழற்றி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் பொருத்தியதைப் போல, ஒன்பது மாடி உயரத் தூண்களை நான்கு பக்கங்களின் மையத்தில் நிறுத்தினார். மூலைகளின் சுமையைச் சாய்வான இரும்புச் சட்டங்கள் நடுத்தூண்களுக்குக் கடத்தின. 59 மாடிகளும் 279 மீட்டர் உயரமும் கொண்ட கோபுரம் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எடை குறைந்த கட்டடம் என்பதால் காற்றில் அதிகம் ஆடும். அதைத் தணிக்க, உச்சியில் 400 டன் கான்கிரீட் பாளம் ஒன்று எண்ணெய்ப் படலத்தின்மீது மிதக்கவிடப்பட்டது. கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது அது எதிர்ப்பக்கம் நகரும். ஆனால் அது இயங்க மின்சாரம் வேண்டும்.

ஒரு கேள்வி எழுப்பிய அச்சம்

1978ஆம் ஆண்டு, பொறியியல் மாணவர் ஒருவர் அந்தத் தூண்களின் அமைப்பைப் பற்றிக் கேள்வி கேட்டதே லெமெஷரை மறுபடியும் கணக்குப் போட வைத்தது. அன்றைய நகரக் கட்டட விதிகள், சுவரில் நேராக மோதும் காற்றைக் கணக்கிட்டால் போதும் என்றன. மூலையில் சாய்வாக மோதும் காற்றையும் லெமெஷர் கணக்கிட்டபோது, சில சட்டங்களில் விசை 40 விழுக்காடு கூடுவதாகத் தெரிந்தது.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் சட்டங்களின் இணைப்புகளை வெல்டிங் செய்யாமல், செலவைக் குறைக்க போல்ட் போட்டு முடித்திருந்தார்கள் என்பது அந்த ஆண்டில்தான் அவருக்குத் தெரிய வந்தது. அந்த இணைப்புகளில் விசை 160 விழுக்காடு கூடும் என்று கணக்கு காட்டியது. புயலில் மின்சாரம் போய்க் கான்கிரீட் பாளமும் நின்றுவிட்டால், கோபுரத்தைச் சாய்க்கக்கூடிய காற்று சராசரியாகப் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை நியூயார்க்கைத் தாக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

வெளியே சொன்னால் பெயர் கெடும், வழக்கு வரும், தொழிலே போய்விடலாம். இருந்தும் அவர் வங்கியின் தலைவர்களிடம் உண்மையைச் சொன்னார். அவர்களும் யார் குற்றவாளி என்று சண்டையிட்டுக் கொண்டிருக்காமல் உடனே பழுதுபார்க்க ஒப்புக்கொண்டார்கள். அலுவலக ஊழியர்கள் வீடு திரும்பிய பிறகு, இரவு நேரத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளின்மீது ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள் வெல்டிங் செய்யப்பட்டன. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ‘எலா’ என்ற சூறாவளி நெருங்கியபோது வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. நல்ல வேளையாக அது கடல் பக்கம் திரும்பிவிட்டது.

மக்களுக்குச் சொல்லப்படாதது

சுற்றுவட்டார மக்களை வெளியேற்றும் திட்டம் ஒன்று இரகசியமாகத் தயாராக இருந்தது. ஆனால் அந்த மக்களுக்கு எதுவும் தெரியாது. நியூயார்க் நாளிதழ்கள் வேலைநிறுத்தத்தால் அந்த வாரங்களில் வெளிவராததும் இரகசியத்தைக் காப்பாற்றியது. 1995ஆம் ஆண்டு ‘தி நியூயார்க்கர்’ இதழில் கட்டுரை வெளிவந்த பிறகே விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை பதினேழு ஆண்டுகள் மௌனம்தான்.

தன் தவற்றைத் தானே ஒப்புக்கொண்டவர் என்று லெமெஷரைப் புகழ்ந்து, பொறியியல் மாணவர்களுக்கு இந்த வரலாறு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அந்தப் புகழுக்கு அவர் தகுதியானவரே. ஆயினும் அவர் உண்மையைச் சொன்னது கட்டடத்தின் சொந்தக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும்தான். கோபுரத்துக்குள் வேலை செய்தவர்களும் அதன் நிழலில் குடியிருந்தவர்களும், தங்கள் உயிரைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் உரிமையை இழந்தார்கள்.

மௌனத்தால் இன்னொரு நட்டமும் உண்டு. பிற்காலத்தில் அமெரிக்க அரசின் தரநிலை ஆய்வாளர்கள் நவீன முறைகளில் இந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள். மூலையில் மோதும் காற்று, லெமெஷர் அஞ்சிய அளவுக்கு ஆபத்தானதாக இருக்கவில்லை என்பது அவர்களின் முடிவு. அன்று கையில் இருந்த கணக்கின்படி பழுதுபார்த்தது சரியான செயல்தான். ஆனால் கணக்கு அப்போதே வெளியிடப்பட்டிருந்தால், மற்றப் பொறியாளர்களும் அதை அப்போதே சோதித்திருப்பார்கள். தங்கள் கட்டடங்களையும் ஒருமுறை பார்த்திருப்பார்கள். மூடி வைத்த உண்மையை யாராலும் திருத்த முடியாது.

லெமெஷர் 2007ஆம் ஆண்டு காலமானார். 601 லெக்சிங்டன் அவென்யூ என்று பெயர் மாறிய அந்தக் கோபுரத்தை 2016ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அதன் மூலையில் தேவாலயமும் தனியாக நிற்கிறது. வானளாவிய கட்டடங்கள் பெருகிவிட்ட எந்த நகரத்துக்கும் இந்த வரலாறு பொருந்தும். கேள்வி கேட்கும் மாணவரும், அதைக் காது கொடுத்துக் கேட்கும் பொறியாளரும் வேண்டும். கேட்டறிந்ததை மக்களிடம் சொல்லும் துணிவும் வேண்டும். சிட்டிகார்ப் கோபுரத்தில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது பதினேழு ஆண்டுகள் தாமதமாக வந்தது.