ஸ்கேனர் வாங்கலாமா? ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு கேள்வி

(பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன வாரம் ஒரு குரல்பதிவு வந்துச்சு. அனுப்பினவர் ஆலங்குளத்துக்காரர். தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்ல, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். காலேஜ் படிக்கிறார். அவர் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன்.

"அண்ணே, எங்க அம்மா பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போறாங்க. காலைல வேன் வந்து ஏத்திட்டுப் போகும். போனை உள்ள கொண்டு போகக் கூடாது. எங்கயாவது டமார்னு சத்தம் கேட்டா ஊரே வாசலுக்கு வந்து நிக்கும். எந்த ஆபீஸ்னு தெரியுறதுக்குள்ள உயிர் போயிரும். அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் லீவுக்கு வர்றான். போலீஸ், ஃபயர் சர்வீஸ் பேசுறதைக் கேக்குற டிஜிட்டல் ட்ரங்கிங் ஸ்கேனர் ஒண்ணு கொண்டு வரச் சொல்லட்டுமா?"

கருவி என்ன செய்யும்னு முதல்ல பாப்போம். வாங்கலாமாங்கிறதுக்கு அப்புறம் வரேன்.

ட்ரங்கிங்னா என்ன?

பழைய முறை எளிமையானது. போலீசுக்கு ஒரு அலைவரிசை, தீயணைப்புக்கு ஒண்ணு, நகராட்சிக்கு ஒண்ணு. பழைய ஸ்கேனர் இந்த அலைவரிசைகளை வரிசையா தட்டிப் பாக்கும். எதுல பேச்சு இருக்கோ அதுல நிக்கும். முடிஞ்சா அடுத்ததுக்குப் போகும்.

இதுல ஒரு வீண்செலவு இருக்கு. ஒரு துறையோட அலைவரிசை பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கும். பக்கத்துத் துறைக்கு அதே நேரம் இடம் பத்தாது.

ஒரு பஸ் ஸ்டாண்டை நினைச்சுக்கோங்க. ஊருக்கு ஒரு ரேக் நிரந்தரமா ஒதுக்கினா, பாதி ரேக் காலியா கிடக்கும். அதனால டைம் கீப்பர் மைக்ல சொல்றார்: "ராஜபாளையம் வண்டி மூணாவது ரேக்." அடுத்த ராஜபாளையம் வண்டி ஆறாவது ரேக்ல வரலாம். எது காலியோ அது. பத்து ரேக்கை வச்சு முப்பது ஊரைச் சமாளிச்சிரலாம்.

ட்ரங்கிங் அப்படித்தான். எல்லாத் துறைக்கும் பொதுவா கொஞ்சம் சேனல்கள். அதுல ஒண்ணு கன்ட்ரோல் சேனல், அதான் டைம் கீப்பரோட மைக். போலீஸ்காரர் பொத்தானை அமுக்கினதும் அவர் கருவி கன்ட்ரோல் சேனல்ல இடம் கேக்கும். கம்ப்யூட்டர் காலியான சேனலைக் கொடுக்கும். அந்தக் குழுவுல இருக்கிற எல்லாக் கருவியும் நொடிக்குள்ள அங்க தாவிரும். குழுவுக்கு 'டாக்குரூப்'னு பேர், அதுக்கு ஒரு எண் உண்டு. நம்ம கணக்குல அது ஊர்ப் பேர்.

இப்ப பழைய ஸ்கேனரை வச்சுக்கிட்டு மூணாவது ரேக்லயே நின்னா என்ன ஆகும்? முதல்ல போலீஸ் கேள்வி கேக்கும், அடுத்து குப்பை லாரிக்காரர் பேசுவார். பதில் வேற சேனல்ல போயிருக்கும். ட்ரங்கிங் ஸ்கேனர் டைம் கீப்பர் சொல்றதைக் காதுல வாங்கிக்கிட்டு, நமக்கு வேண்டிய டாக்குரூப் எங்க போனாலும் பின்னாலேயே போகும்.

கையடக்கக் கருவியில என்னென்ன இருக்கு?

யூனிடன் கம்பெனி 2018ல கொண்டு வந்த எஸ்டிஎஸ்100ஐ உதாரணமா எடுத்துக்குவோம். சித்தப்பா பையன் மனசுல இருக்கிறதும் இந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும்.

முதல் விஷயம், அமெரிக்காவுல காவல், தீயணைப்புத் துறைகள் பரவலா பயன்படுத்துற பி25 டிஜிட்டல் முறையைப் புரிஞ்சுக்கும். டிஜிட்டல்ல குரல் எண்களா மாறிப் போகும். அனலாக்ல சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், ஆனாலும் ஆள் பேசுறது கேக்கும். டிஜிட்டல்ல ஓர் எல்லை வரைக்கும் தெளிவா கேட்டுட்டு, அப்புறம் சட்டுனு அறுந்திரும்.

ரெண்டாவது, சைமல்காஸ்ட். ஒரே பேச்சை நாலஞ்சு கோபுரம் ஒரே நேரத்துல அனுப்பும். திருவிழால ரெண்டு தெருக் குழாய்ல ஒரே பாட்டு ஓடும்போது நடுவுல நின்னா வார்த்தை குழம்பும்ல, அதே சிக்கல் ஸ்கேனருக்கும் உண்டு. பழைய ஸ்கேனர்கள் இதுல திணறும். எஸ்டிஎஸ்100 பேர் வாங்கினதே, உள்ள இருக்கிற ரிசீவரை மாத்தி இந்தக் குழப்பத்தை நல்லாவே சமாளிச்சதாலதான்.

மூணாவது, தகவல் கிடங்கு. அமெரிக்கா, கனடா ஊர்களோட அலைவரிசை, டாக்குரூப் விவரமெல்லாம் மெமரி கார்டுல முன்னாடியே இருக்கும். அஞ்சல் குறியீட்டைப் போட்டா அந்த ஊர்ப் பட்டியல் வந்திரும். தனியா ஒரு ஜிபிஎஸ் மாட்டினா, கார் போகப் போகப் பட்டியலும் மாறும்.

நாலாவது, 'குளோஸ் கால்'. பக்கத்துல யாராவது ஒரு வாக்கி டாக்கில பேசினா, அந்த அலைவரிசை தெரியாட்டாலும் கருவி தானா கண்டுபிடிச்சு நிறுத்தும். கேட்டதைப் பதிவு பண்ணி மறுபடி போட்டும் கேக்கலாம்.

ஆலங்குளத்துல என்ன கேக்கும்?

தம்பி, இங்கதான் பிரச்சினை. அந்தக் கார்டுல ஆலங்குளம் கிடையாது. பட்டியல் நாமளே தேடிச் சேக்கணும். அடுத்து, இந்தியாவுல பல இடத்துல ட்ரங்கிங்னா அது டெட்ரா. ஐரோப்பாவுல உருவான முறை. டெல்லி மெட்ரோவுல இருக்கு, 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில போட்டாங்க. 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒண்ணுல நாலு பேச்சு ஓட்டும். எஸ்டிஎஸ்100க்கு டெட்ரா புரியாது.

பி25 ஆனாலும் டெட்ரா ஆனாலும், பேச்சைக் குறியாக்கம் செஞ்சுட்டா எந்தக் கடை ஸ்கேனராலயும் கேக்க முடியாது. வண்டி எந்த ரேக்ல நிக்குதுன்னு தெரியும், ஜன்னல் ஷட்டர் எல்லாம் இறக்கி இருக்கும்.

எல்லாத்துக்கும் மேல சட்டம். இந்தியாவுல 1933ஆம் வருஷத்து கம்பியில்லாத் தந்திச் சட்டம், இந்த மாதிரிக் கருவியை உரிமம் இல்லாம வச்சிருக்கிறதையே தடை பண்ணிச்சு. 2023ல வந்த தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வச்சிருக்க அங்கீகாரம் வேணும்னுதான் சொல்லுது. அடுத்தவங்க தகவலைச் சட்டவிரோதமா இடைமறிச்சா மூணு வருஷம் வரை சிறைன்னும் அதுல இருக்கு. அமெரிக்காவுல கடையில வாங்கிக் காதுல மாட்டிக்கிற பொருள், இங்க ஏர்போர்ட்டுலயே சிக்கலாகலாம். கொண்டு வரச் சொல்லாதீங்க.

அப்ப என்னதான் செய்றது?

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. அந்த வெடிவிபத்துல முப்பது பேருக்கு மேல இறந்து போனாங்க. அதுல பலர் அங்க வேலை பாத்தவங்க இல்ல. தீயைப் பாத்து ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க. முதல் வெடிக்கு அப்புறமும் மருந்து இருந்தது, அதுவும் வெடிச்சுது. ஸ்கேனர் உங்களுக்கு இடத்தைச் சொன்னாலும், அடுத்து உங்க கால் எங்க போகும்னு யோசிங்க.

உங்களுக்குத் தேவை ஒரே ஒரு தகவல்: அம்மா இருக்கிற இடமா, இல்லையா? அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். அம்மா வேலை பாக்கிற ஆபீஸோட முழுப் பேர், அது எந்த ஊர் எல்லையில இருக்கு, போர்மேன் நம்பர், வாசல்ல இருக்கிற வாட்ச்மேன் நம்பர், வேன் டிரைவர் நம்பர். அஞ்சையும் இன்னைக்குச் சாயங்காலமே எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. அதே வேன்ல போறவங்க வீடுகள் சேந்து, சத்தம் கேட்டா யார் யாருக்குப் போன் போடுறதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. எல்லாரும் ஒரே நம்பருக்கு அடிச்சா லைன் கிடைக்காது. ஒருத்தர் கேட்டு மத்தவங்களுக்குச் சொல்லணும். புகையைக் கண்ணால பாத்தா முதல்ல 112, 101, 108.

ரேடியோ மேல ஆசை இருந்தா அதையும் விட்டுராதீங்க. அமெச்சூர் ரேடியோ உரிமம் இருக்கு. மத்திய தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைக்கும், பாஸ் பண்ணினா உங்களுக்குன்னு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு பாரதி பிரசாத்ங்கிற அமெச்சூர் போர்ட் பிளேர்ல இருந்தாங்க. தொலைபேசி விழுந்து போன அந்தமான்ல இருந்து அவங்களும் குழுவும் ரேடியோ வழியா செய்தி அனுப்பினாங்க. "எங்க ஆளு உயிரோட இருக்காங்களா?"ன்னு தவிச்ச குடும்பங்களுக்குப் பதில் போச்சு.

தம்பி கேட்டதும் அதே கேள்விதான். அதுக்கு ரெண்டு பக்கமும் பேசுற கருவியும், பதில் சொல்ல ஓர் ஆளும் வேணும். சித்தப்பா பையன்கிட்ட வேற எதாவது வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அந்த அஞ்சு விவரத்தையும் எழுதி ஒட்டினதும் எனக்கு ஒரு குரல்பதிவு போடுங்க.