துத்தநாகம் திரும்பி வரும் வழி: மின்கலமும் மின்னேற்ற முறைகளும்

மின்கலத்துக்கு ‘மின்னேற்றம்’ செய்கிறோம் என்கிறோம். ஏற்றுதல் என்னும் வினை, மூட்டையை வண்டியில் ஏற்றுவதை நினைவூட்டுவது. ஆகவே, தீர்ந்துபோன மின்கலத்துக்குள் மின்சாரம் நிரப்பப்படுகிறது என்று மாணவர் பலர் எண்ணிக்கொள்கின்றனர். சொல் பிழையானது அன்று. வழக்கில் நிலைபெற்ற நல்ல சொல்லே. ஆயினும், அது மனத்தில் எழுப்பும் படம் உண்மைக்குச் சற்று விலகியது. மின்கலத்துக்குள் இருப்பவை ஓர் உலோகமும் அதனோடு வினைபுரியத்தக்க பிற பொருள்களுமே. வினைபுரிந்து மாறிப்போன அந்த உலோகத்தை மீண்டும் உலோகமாக்கும் வேலைக்கே மின்னேற்றம் என்று பெயர். அவ்வேலையைச் செய்யும் முறை தவறினால் மின்கலம் கசியும். சில வேளைகளில் வெடிக்கவும் கூடும்.

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் அமைந்த லாபிஸ் வெள்ளத்தை அறிந்த ஊர். 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரி இறுதியிலும் நேர்ந்த பெருவெள்ளங்கள் இவ்வட்டாரத்தைக் கடுமையாகப் பாதித்தன. மின்சாரம் நின்றுபோகும் அத்தகைய இரவுகளில் கைவிளக்கும் வானொலியும் மின்கலத்தையே நம்பியிருக்கின்றன. எந்த மின்கலத்துக்கு மின்னேற்றலாம், எதற்கு ஏற்றலாகாது, எவ்வளவு ஏற்றலாம் என்று அறிவது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தி அன்று என்பதை இதனால் உணரலாம்.

பெயரும் பொருளும்

சித்த மருத்துவத்தில் துத்தநாகம் ‘நாகம்’ எனப்படும்; நாகபற்பம் என்னும் மருந்துப் பெயரை நாம் கேட்டிருக்கிறோம். வடமொழியில் நாகம் என்பது ஈயத்தைக் குறிப்பதால், பழைய நூல்களைப் பயில்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். துத்தநாகம் என்பதும் அதனை ஒத்த பிற இந்திய மொழி வடிவங்களும் போர்த்துகீசிய வணிகர் வழியே மேற்கே சென்று ‘டூட்டனாக்’ என்னும் வணிகச் சொல்லாயின. கிழக்கிந்திய வாணிகத்தில் சீனத்துத் துத்தநாகம் அப்பெயராலேயே விலைபோயிற்று.

இவ்வுலோகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது எளிதாக இருக்கவில்லை. 907 பாகை செல்சியசிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். உலையைத் திறந்தால் ஆவி காற்றோடு கலந்து மீண்டும் ஆக்சைடாகும். ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்து உலோகமாகப் பிடிக்கும் நுட்பம், இடைக்காலத்திலேயே இராசத்தானத்தின் ஜாவர் சுரங்கப் பகுதியில் பெருமளவில் கையாளப்பட்டது.

நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. தோட்ட வீடுகளின் தகரக் கூரை, துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தகடு. முலாமில் கீறல் விழுந்தாலும் இரும்பு உடனே துருப்பிடிப்பதில்லை. துத்தநாகம் தான் முந்திக்கொண்டு அரிபட்டு இரும்பைக் காக்கிறது. எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்பே இதற்குக் காரணம். கூரையைக் காக்கும் அதே இயல்புதான் கைவிளக்கையும் எரியச் செய்கிறது.

மின்னிறக்கத்தின்போது நிகழ்வது

கடையில் கிடைக்கும் காரவகை மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எதிர்மின்வாய் துத்தநாகத் தூள். நேர்மின்வாய் மாங்கனீசு டைஆக்சைடு. இரண்டுக்கும் இடையே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசல் மின்பகுளியாக இருக்கிறது. இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாதவாறு ஒரு மெல்லிய இடைத்தாள் தடுக்கிறது. விளக்கை ஏற்றியதும் ஒவ்வொரு துத்தநாக அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பிவழியே அனுப்பிவிட்டு, கரைசலில் ‘சிங்கேட்’ என்னும் அயனியாகக் கரைகிறது. கரைசல் தெவிட்டியபின் அது துத்தநாக ஆக்சைடாகப் படிகிறது. ஒரு கிராம் துத்தநாகம் முழுதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 820 மில்லிஆம்பியர்-மணி அளவு மின்னூட்டம் கிடைக்கும். விலை குறைவு, நீர்க்கரைசலில் இயங்குவதால் தீப்பற்றும் அச்சம் குறைவு ஆகியவையும் இவ்வுலோகத்தின் சிறப்புகள்.

இத்தனை நலம் இருந்தும், கைப்பேசியிலும் மின்வாகனத்திலும் லித்தியமே கோலோச்சுகிறது. துத்தநாகம் கரைவது எளிது. கரைந்தது பழைய இடத்துக்கே பழைய வடிவில் திரும்புவது அரிது. இதுவே அதற்கு முதன்மைக் காரணம்.

திரும்பும் வழியில் உள்ள தடைகள்

முதல் தடை, கிளைவிடும் படிகம். மின்னேற்றும்போது சிங்கேட் அயனிகள் எதிர்மின்வாயின் மேல் மீண்டும் உலோகமாகப் படிகின்றன. மேற்பரப்பில் எங்கேனும் சிறு மேடு இருந்தால், அதன் முனையை அயனிகள் எளிதில் அடைகின்றன. மேடு மேலும் வளர்கிறது; வளர்ந்த முனை இன்னும் மிகுதியான அயனிகளை ஈர்த்துக் கிளைவிடுகிறது. மின்னோட்டம் மிகுந்தால் இது விரைவாக நிகழும். இறுதியில் அக்கிளை இடைத்தாளைத் துளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட, உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படுகிறது.

இரண்டாவது, வடிவ மாற்றம். கரைந்த துத்தநாகம் புறப்பட்ட இடத்திலேயே படிவதில்லை. பல சுற்றுகளுக்குப் பின் தகட்டின் சில பகுதிகள் தடித்தும் சில பகுதிகள் வெறுமையாகவும் போகின்றன. கொள்திறன் குறைகிறது.

மூன்றாவது, ஹைட்ரஜன் வாயு. மின்வேதியியல் வரிசைப்படி நோக்கினால், துத்தநாகம் படிவதற்கு முன்பே நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளிவர வேண்டும். துத்தநாகத்தின் பரப்பில் ஹைட்ரஜன் மிக மெதுவாகவே உருவாகிறது என்பதால் மட்டுமே துத்தநாகத்துக்கு மின்னேற்ற முடிகிறது. மின்னழுத்தம் வரம்பு கடந்தால் வாயு மிகும். மூடிய கலத்தில் அழுத்தம் ஏறும். இதனைத் தடுக்க முற்காலத்தில் பாதரசம் சேர்த்தனர். அதன் நச்சுத்தன்மையால் அது கைவிடப்பட்டு, இன்று இந்தியம், பிஸ்மத் போன்ற உலோகங்கள் சிற்றளவில் சேர்க்கப்படுகின்றன.

ஒரு நூற்றாண்டு முயற்சி

இத்தடைகளை வெல்லும் முயற்சி நீண்டது. தாமஸ் எடிசன் 1901இல் நிக்கல்–துத்தநாக மின்கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். அயர்லாந்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் டிரம் அவ்வகையை மேம்படுத்தி ரயிலையே ஓட்டிக் காட்டினார். 1932 முதல் 1949 வரை டப்ளினுக்கும் பிரேக்கும் இடையே டிரம் மின்கல ரயில்கள் ஓடின. தலைக்கு மேலே மின்கம்பி இல்லாமலே ஓடிய அவை, நிலையங்களில் மின்னேற்றம் பெற்றன.

பிரான்சின் ஹென்றி ஆந்திரே வெள்ளி–துத்தநாக மின்கலத்தில் செலஃபேன் தாளை இடைத்தாளாகப் பயன்படுத்தி, அதனை மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்கதாக ஆக்கினார். எடை குறைவு, ஆற்றல் மிகுதி என்பதால் இவ்வகை விண்வெளிக்கும் சென்றது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் விபத்து நேர்ந்தபோது, பூமிக்குத் திரும்பத் தேவையான கட்டளைக் கலத்தின் வெள்ளி–துத்தநாக மின்கலம் ஓரளவு செலவாகியிருந்தது. நிலாவில் இறங்குவதற்கென இணைக்கப்பட்டிருந்த கலத்தின் மின்சாரத்தைக் கொண்டு அதற்கு மின்னேற்றினர். மூன்று வீரர்களும் உயிருடன் திரும்பியதில் அம்மின்னேற்றத்துக்கும் பங்கு உண்டு.

தமிழகத்துக்கும் இத்துறையோடு நெருங்கிய உறவு உண்டு. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் உட்படப் பல தொழில்களை நடத்திய வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். அக்கொடையால் எழுந்ததே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலம், அரிமானத் தடுப்பு, மின்முலாம் ஆகியவை அந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளில் அடங்கும். துத்தநாக மின்கலம் இம்மூன்றும் சந்திக்கும் இடம் என்பதை மேலே கண்ட தடைகளே விளக்கும். மேலும், புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் உள்ள ஹை எனர்ஜி பேட்டரீஸ் நிறுவனம் பாதுகாப்புத் துறைக்கு வெள்ளி–துத்தநாக மின்கலங்களைத் தயாரித்து வருகிறது.

மின்னேற்ற முறைகள்

தடைகளை அறிந்தபின், மின்னேற்ற முறைகளின் பொருள் தானே விளங்கும்.

முதல் முறை, வரம்புக்குட்பட்ட மின்னேற்றம். தொடக்கத்தில் மாறா மின்னோட்டம் செலுத்தப்படும். மின்னழுத்தம் குறித்த எல்லையை எட்டியதும் அதனை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைத் தானே குறைய விடுவர். நிக்கல்–துத்தநாக மின்கலத்துக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 1.9 வோல்ட், மீள்மின்னேற்றக் காரவகை மின்கலத்துக்கு ஏறத்தாழ 1.65 வோல்ட். முன்னதன் எல்லையைப் பின்னதற்குப் பயன்படுத்தினால் வாயு மிகுந்து கலம் கசியும்.

இரண்டாவது, துடிப்பு முறை. மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தாமல், சிறிது நேரம் செலுத்திச் சிறிது நேரம் நிறுத்துவர். அந்த ஓய்வில், அயனிகள் குறைந்துபோன பரப்பை நோக்கிக் கரைசலின் பிற பகுதிகளிலிருந்து புதிய அயனிகள் வந்து சேர்கின்றன. படிவு சீராகிறது. ஓய்வு நேரத்தில் கலத்தின் உண்மையான மின்னழுத்தத்தை அளந்து, போதுமா இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்யவும் இயலும்.

மூன்றாவது, குறைவாக இறக்கி அடிக்கடி ஏற்றுதல். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் கோர்டெஷின் ஆய்வுகளால் உருப்பெற்ற மீள்மின்னேற்றக் காரவகை மின்கலம், 1993இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதனை முற்றிலும் தீரவிட்டால் மாங்கனீசு டைஆக்சைடு மீளமுடியாத நிலைக்குச் சென்றுவிடும். பாதியில் எடுத்து ஏற்றினால் பல சுற்றுகள் உழைக்கும்.

நான்காவது இதற்கு நேர்மாறானது. பெரிய அளவில் மின்சாரம் சேமிக்கும் துத்தநாக–புரோமின் பாய்வு மின்கலங்களை இடையிடையே முழுவதும் இறக்கி, தகட்டின்மேல் உள்ள துத்தநாகம் அனைத்தையும் கரைத்துவிடுவர். கோணலாக வளர்ந்த படிகங்கள் அழிந்து தகடு தூய்மையாகும். ஒரே உலோகமாயினும், கலத்தின் அமைப்புக்கு ஏற்ப முறை மாறுவதை இங்கே காணலாம்.

மின்வாயின் அமைப்பையே மாற்றும் ஆய்வும் நடக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார், துத்தநாகத்தைத் தூளாக வைக்காமல் நுண்துளைகள் கொண்ட கடற்பஞ்சு வடிவில் அமைத்தால், மின்னோட்டம் எங்கும் சமமாகப் பரவிக் கிளைப்படிகம் தடைபடுகிறது என்று 2017இல் காட்டினர். காரக் கரைசலுக்கு மாற்றாகத் துத்தநாக சல்பேட்டுக் கரைசலைப் பயன்படுத்தும் மின்கலங்களும் உலகெங்கும் ஆராயப்படுகின்றன. வீட்டுக் கூரையில் பகலில் விளையும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க, எடையைவிடப் பாதுகாப்பும் விலையுமே முக்கியம். அவ்விடத்தில் துத்தநாகத்துக்கு நல்ல எதிர்காலம் அமையக்கூடும்.

வீட்டிலும் வகுப்பறையிலும்

மாணவர்கள் உறுதியாகக் கைக்கொள்ள வேண்டியவை சில. ‘மீள்மின்னேற்றத்தக்கது’ என்னும் குறிப்பு உறையில் இல்லாத மின்கலத்துக்கு மின்னேற்ற முயலலாகாது. காதொலிக் கருவியில் இடும் துத்தநாக–காற்றுப் பொத்தான் மின்கலமும் அத்தகையதே. நிக்கல்–உலோக ஹைட்ரைடு மின்கலம் 1.2 வோல்ட் அளவினது. அதனை நிக்கல்–துத்தநாக மின்னேற்றியில் இட்டால் அளவுக்கு மீறி ஏறிச் சூடாகும். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் கவனம் தேவை. புதிதாக மின்னேற்றிய நிக்கல்–துத்தநாக மின்கலம் 1.8 வோல்ட் வரை காட்டும், 1.5 வோல்ட் மின்கலத்துக்கென அமைந்த கருவிகளில் இடுமுன் கருவியின் வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளக் காலத்துக்கென வைத்திருக்கும் கைவிளக்கிலிருந்து மின்கலங்களைக் கழற்றி, ஈரம் படாத பெட்டியில் தனியே வைத்தால் கசிவினால் விளக்கு கெடாது.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பிலேயே காட்டலாம். ஆழமற்ற கண்ணாடித் தட்டில் துத்தநாக சல்பேட்டுக் கரைசலை ஊற்றி, ஓரத்தில் துத்தநாகத் தகட்டையும் நடுவில் மெல்லிய செம்புக் கம்பியின் முனையையும் வைக்க வேண்டும். மின்கலத்தின் நேர்முனையைத் தகட்டோடும் எதிர்முனையைக் கம்பியோடும் இணைக்க வேண்டும். ஒரே ஒரு 1.5 வோல்ட் மின்கலத்தைக் கொண்டு முதலில் செய்து பார்த்து, பின்னர் நான்கு மின்கலங்களைத் தொடராக இணைத்துச் செய்தால் வேறுபாடு புலப்படும். மின்னழுத்தம் மிகும்போது கம்பியின் முனையிலிருந்து சாம்பல் நிறத்தில் இலைபோல், கிளைபோல் துத்தநாகம் வளர்வதைக் காணலாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, ஆசிரியர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய சோதனை இது. முடித்ததும் கைகளை நன்கு கழுவ வேண்டும். அந்தக் கிளை இரண்டு தகடுகளுக்கு இடையே ஒரு தாளின் தடிப்பு அளவேயுள்ள இடத்தில் வளர்ந்தால் என்ன ஆகும் என்று மாணவரிடம் கேட்கலாம். மின்னேற்றிக்கு வரம்பு ஏன் வேண்டும் என்பதற்கு அவர்களே விடை சொல்வார்கள்.